சீனியகத்தின் உள்கதவு

அறுபது தாண்டி, பல் பாதி போய், படியேறும்போது முழங்கால் இரண்டும் முனகுகிற மனிதரைப் புதுமாப்பிள்ளை என்று கூப்பிடக் குட்டிச்சிறாக்காரர்களால்தான் முடியும். கோழிக்கோட்டின் மற்றத் தெருக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அங்கே ஒரு வீட்டுப் பெண்ணைக் கட்டிய அன்று ‘புய்யாப்ள’ என்ற பெயர் ஒட்டும். இறந்து மையத்துக் கட்டிலில் தூக்கும்வரை உதிராது. இம்பிச்சிக்கோயாவுக்கு அது ஒட்டி முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்த ஊரில் பெண் புகுந்த வீடு என்று எங்கும் போவதில்லை. பிறந்த தறவாட்டிலேயே, அதாவது தாய்வழிக் குடும்பவீட்டிலேயே, அவளுக்கென்று ஓர் அறை உண்டு. மாப்பிள்ளைதான் இராத்தொழுகை முடிந்து அங்கே வருவார். முன்கூடத்திலிருந்தே அறைக்கு ஏறத் தனிப்படி இருக்கும். ஏறினால் சாப்பாடு, படுக்கை, விடிந்ததும் அரிசி ரொட்டியான பத்திரியும் கறியும், பிறகு இறங்கித் தன் உம்மா வீட்டுக்கு நடை. பகலெல்லாம் அங்கேதான். உள்வீடு பெண்களுடையது, புய்யாப்ள அந்தக் கதவைத் தாண்டுவதில்லை, தாண்டச் சொல்லி யாரும் கூப்பிடுவதுமில்லை. கோழியில் முதல் துண்டு அவருக்குத்தான் வரும். வீட்டு விவகாரத்தில் மட்டும் கடைசித் துண்டுகூட அவர் தட்டுக்கு வராது. மரியாதை என்பார்கள் அதை.

இம்பிச்சிக்கோயா கல்லாயியில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதி ஓய்ந்தவர். அவருடைய உம்மா இறந்து சில வருடங்களில் அக்காள் மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. புதிதாக வருகிற புய்யாப்ளைக்கு அறை வேண்டும். அந்த வீட்டில் மிச்சமிருந்தது இம்பிச்சிக்கோயா பகலில் சாய்கிற அறை ஒன்றுதான். அக்காள் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தாள். இவரோ, இதற்கா இவ்வளவு யோசித்தாய் என்று சிரித்துக்கொண்டே தன் சட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என்ன பெரிய மனசு என்று அக்காள் கண் கலங்கினாள். பெரிய மனசுக்காரர் அன்று மத்தியானம் கடற்கரையில், இடிந்த கடல்பாலத்துக்கு எதிரே ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, இனி பகலில் எங்கே போவது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

இதை மனைவி கதீசாபியிடம் அவர் மூச்சு விடவில்லை. உம்மா வீட்டில் ஒண்ட இடமில்லாத ஆணைக் குட்டிச்சிறாவில் எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வாய்க்கு ருசியாக அவரே பலரைப் பேசியிருக்கிறார். ஆகவே காலையில் வழக்கம்போல, “உம்மா வீட்டுக்கு இறங்கறேன்” என்று சொல்லிவிட்டு இறங்குவார். கடற்கரையில் திரிவார். அப்படித் திரியும்போதுதான் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி மிஷ்கால் பள்ளிவாசலுக்கு வழி கேட்டது. கூடவே போய்க் காட்டினார். காட்டும்போது சும்மா இருக்க முடியாமல் சாமூதிரி ராஜாவிலிருந்து சீனக் கப்பல்வரை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். அவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். அன்றோடு அவருக்குப் பகல் பிரச்சினை தீர்ந்தது. ஊர் சுற்றிக் காட்டுகிற கோயாக்கா ஆனார்.

இரவுப் பிரச்சினை பிறகு வந்தது. குட்டிச்சிறாக் குளத்தைச் சுற்றியிருந்த தறவாடுகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. ஒரு வீட்டுக்கு ஐம்பது அறுபது பங்காளிகள். பாதிப் பேர் வளைகுடாவில், மீதிப் பேருக்கு மேற்கூரை ஒழுகுகிறது. விற்றால் அடுக்குமாடி. ஒவ்வொரு வீடு விழும்போதும் இம்பிச்சிக்கோயா மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தார். கதீசாபியின் தறவாடான சீனியகமும் போய்விட்டால் தலைசாய்க்க அவருக்கு இந்தப் பூமியில் ஓர் இடமும் இல்லை. இதை வெளியே சொல்லவும் முடியாது. திருவனந்தபுரத்தில் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற ஓர் அமைப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு, தானாகவே அவர்களுக்கு எழுதிப் போட்டார். அவர்கள் வந்து பார்த்துப் பட்டியலில் சேர்த்துவிட்டால் வீட்டில் ஒரு செங்கலைக்கூட யாரும் தொட முடியாதாம். இந்த முயற்சியையும் அவர் வீட்டில் சொல்லவில்லை. மனைவி வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிற புய்யாப்ள என்று பேர் வாங்க அவர் தயாராக இல்லை. வாசலில் அரசாங்கப் பலகை அடித்த பிறகு சொன்னால் போதும், அப்போது கொண்டாடுவார்கள் என்று நினைத்திருந்தார்.

ஒரு வழியாக அந்த அமைப்பிலிருந்து ஸ்ரீலதா மேடம் வந்து இறங்கினார். கட்டடக்கலை படித்தவர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டி, தோளில் கேமராவைத் தொங்கவிட்டிருந்தார். நேரே வீட்டுக்குப் போகலாம் என்று அவர் சொல்ல, இம்பிச்சிக்கோயா விடவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் பலகாரம் வைக்கிறவர் போல, ஊரைக் காட்டி மனசை இளக்கிவிட்டுத்தான் வீட்டைக் காட்டுவது என்று வைத்திருந்தார்.

வலியங்காடிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, ஒரு காலத்தில் இங்கே மிளகு வாங்க யார் யார் அடித்துக்கொண்டார்கள் என்று சொன்னார். பட்டுத்தெருவில் ஒரு பழைய டயர்க் கடையைக் காட்டி, இங்கேதான் சீனாக்காரன் பட்டு விற்றான் என்றார். இங்கேதான் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று மேடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார். குளக்கரைக்கு வந்து மிஷ்கால் பள்ளியை நிமிர்ந்து பார்த்ததும் அவர் குரலே மாறியது. கப்பல் முதலாளி மிஷ்கால் கட்டிய பள்ளி, மினார் கிடையாது, கோயில்போல அடுக்கடுக்காகக் கூரை. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் போர்த்துகீசியர் வந்து தீ வைத்ததை, முந்தாநாள் தான் ஓடிப்போய் வாளித் தண்ணீர் ஊற்றியதுபோலச் சொன்னார்.

“மேல்மாடி மரம் இன்னும் கருகித்தான் இருக்கு, மேடம். எங்க ஆளுங்க வேணும்னே மாத்தல. வீட்டுக்குத் தீ வச்சவன மறந்துடக்கூடாதுன்னு.”

ஸ்ரீலதா அதைக் குறித்துக்கொண்டார். இம்பிச்சிக்கோயாவுக்குப் பாதி வேலை முடிந்ததுபோல இருந்தது.

குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அவறான், இவருடைய பள்ளிக்கூடத் தோழர், “என்ன புய்யாப்ள, ராத்திரி இன்னும் அங்கதானா படுக்க?” என்று கேட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்த வயதில் இதென்ன பேச்சு, அதுவும் ஒரு பெண்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது என்று இம்பிச்சிக்கோயாவுக்கு எரிச்சல் வந்தது. “உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?” என்று சொல்லிவிட்டு நடந்தார். தான் எதைக் கேட்டோம் என்று இவருக்கு விளங்கியிருக்கும் என்றுதான் அவறான் நினைத்திருக்க வேண்டும்.

சீனியகம் முன்பக்கத்திலிருந்து பார்க்க ராஜகம்பீரமாக நின்றது. ஓட்டு விளிம்பில் மரக்குஞ்சங்கள், கதவில் பித்தளைப் பூக்கள், உத்தரத்தில் கொடிக்கொடியாகச் செதுக்கல். ஸ்ரீலதா முன்கூடத்தில் நின்று தலையை அண்ணாந்தவர் இறக்கவேயில்லை. இம்பிச்சிக்கோயா மாடிக்குக் கூட்டிப்போய்த் தன் அறையைக் காட்டினார். தேக்குக் கட்டில், வண்ணக் கண்ணாடி சன்னல், மெத்தையில் சுருக்கமில்லாமல் விரித்த வெள்ளை விரிப்பு. இவ்வளவு நன்றாகப் பராமரித்திருக்கிறீர்களே என்று அவர் ஆச்சரியப்பட்டபோது, “இப்பக்கூடப் பின்னால ஓடு மாத்திட்டு இருக்காங்க” என்று பெருமையாகச் சொன்னார்.

அது அவர் ஊகித்தது. பின்பக்கம் ஓடு இறக்குகிறார்கள் என்று மட்டுமே கதீசாபி சொல்லியிருந்தாள். இரண்டு வாரம் முன்பு ஒரு மழை இரவில், உள்வீட்டுப் பக்கம் மழைச் சத்தம் ஏதோ மாதிரி இருக்கிறதே, கூரையில் விழுகிற சத்தமாக இல்லையே என்று கேட்டபோது சொன்னது. இறக்குகிறவர்கள் புதியதை ஏற்றுவார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்குமேல் துருவுவது புய்யாப்ளைக்கு அழகில்லை. உள்ளே பிள்ளைகளின் கூச்சல் அடங்கியிருந்ததற்கு, பரீட்சை என்று ஒரு காரணத்தை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

இறங்கி வந்ததும் ஸ்ரீலதா முற்றத்தைப் பார்க்க வேண்டும் என்றார். வீட்டின் உயிர் அங்கேதான் இருக்கும், அதைப் பார்க்காமல் எதுவும் எழுத முடியாது என்றார். இம்பிச்சிக்கோயா உள்கதவின் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினார். “கதீசாபி, விருந்தாளி வந்திருக்காங்க” என்றார். பதில் இல்லை. இன்னொரு தடவை இருமினார். மேடமும் பெண்தானே, போய்ப் பார்க்கட்டும் என்று விலகி வழிவிட்டு, தான் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். முப்பத்தைந்து வருடப் பழக்கம் அது. அந்தக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அவருடைய கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

கதவு திறந்தது. வெளிச்சம் வழக்கத்துக்கு மேல் அதிகமாக வந்து அவர் முதுகில் விழுந்தது. சுவரைப் பார்த்தபடியே அவர் விளக்கத் தொடங்கினார்.

கல்யாணத்தன்று ஒரு தடவை, மாமியார் மையத்து அன்று ஒரு தடவை, ஆக இரண்டே தடவை பார்த்த முற்றம் அது. ஆனால் அதைப் பற்றி எத்தனையோ நாட்டுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, அவருக்கு அது மனப்பாடம். “தூணப் பாருங்க மேடம், ஒவ்வொண்ணும் ஒத்தப் பலாமரம், ஒட்டுப் போடாதது. இடப்பக்கம் கெணறு, வீட்டுக்குள்ளயே கெணறு. அதுக்கு மேல ஊஞ்சல் தொங்குதா? பித்தளச் சங்கிலி. கப்பல்ல வந்தது. அந்த மூலையில சமையக்கட்டு, நூறு பேருக்கு ஒரே நேரத்துல நெய்ச்சோறு வடிக்கலாம்…”

சொல்லிக்கொண்டே போனார். மேடம் கேமராவைச் சொடுக்குகிற சத்தம் கேட்கவில்லை. ஒரு ‘ஆகா’ கூட வரவில்லை.

“கோயாக்கா,” என்றார் ஸ்ரீலதா. “இங்க எதுவுமே இல்லியே.”

அவர் திரும்பினார்.

வானம் இருந்தது. கதவுச் சட்டம் நிறைய வானம். அதற்குக் கீழே செம்மண்ணும் உடைந்த ஓடும் சுண்ணாம்புக் கட்டிகளுமாக ஒரு வெளி, அதன் கடைசியில் பின்சந்து, சந்தில் ஒரு லாரி. லாரியில் பலாத்தூண்கள் கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தன. மரக்கடையில் காலம் கழித்த கண்ணுக்கு அவை என்ன மரம், என்ன வயது என்று அந்தத் தூரத்திலேயே தெரிந்தது. கிணற்றின் வாயில் தகரம் போட்டு மூடியிருந்தார்கள். அவர் தினமும் படுத்து எழுந்த வீடு ஒரு முகப்பும் ஒரு கூடமும் ஒரு மாடியறையுமாக, பின்னால் ஒன்றுமில்லாமல், நாடகக் கொட்டகைச் சீலைபோல நின்றுகொண்டிருந்தது.

இம்பிச்சிக்கோயா கதவுச் சட்டத்தைப் பிடித்தார். முதலில் அவர் மனதில் தோன்றியது திருட்டு என்பதுதான். யாரோ இரவோடிரவாக வந்து வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், போலீசுக்குச் சொல்ல வேண்டும். அந்த எண்ணம் எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று உறைக்கவே சிறிது நேரம் பிடித்தது. நேற்று இரவு இந்தக் கதவு வழியாகத்தானே கதீசாபி அரிப்பத்திரியும் கோழிக்கறியும் கொண்டுவந்தாள்? எங்கிருந்து கொண்டுவந்தாள்?

அதற்கும் பதில் கண்முன்னே கிடந்தது. இடிபாட்டின் மேல் வரிசையாகப் பலகைகள் போட்டு நடைபாதை ஒன்று, சந்துப் பக்கத்துத் தகரக் கொட்டகைவரை போயிற்று. கொட்டகையிலிருந்து புகை வந்தது. பலகைகளில் சிந்திய குழம்பின் கறை ஏறியிருந்தது. அவருடைய இரவுச் சாப்பாடு அந்தப் பாதையில் வந்துகொண்டிருந்திருக்கிறது.

அதே பலகைகளின் மேல் இப்போது கதீசாபி வந்துகொண்டிருந்தாள். விருந்தாளி என்று காதில் விழுந்ததும் தட்டில் சாயாவும் வாழைப்பழப் பலகாரமான உன்னக்காயும் எடுத்துவைத்துக்கொண்டு, முக்காடுத் தட்டத்தைத் தலையில் இழுத்துவிட்டபடி, கால் தவறாமல் வேகமாக வந்தாள். கதவு திறந்திருப்பதையும் அதில் தன் புருஷன் நிற்பதையும் கண்டு பாதியில் நின்றாள்.

ஸ்ரீலதாவுக்குப் புரிந்துவிட்டது. முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு தங்களால் எதுவும் செய்ய முடியாது என்று தணிந்த குரலில் சொன்னார். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஏதோ தொடங்கி, முடிக்காமல், வாசலுக்குப் போய்க் காத்திருந்தார். அந்த அம்மாளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

“எப்ப நடந்தது இது?” என்று கேட்டார் இம்பிச்சிக்கோயா.

கதீசாபி தட்டை இறக்கவில்லை. பக்ரீத் முடிந்ததும் ஆரம்பித்தது என்றாள். எல்லாப் பங்காளிகளும் கூடிப் பேசி, வளைகுடாவில் இருப்பவர்களும் சம்மதம் அனுப்பி, கொடுத்துவிட்டார்கள். அவளுடைய தம்பி பீரான்தான் முன்னின்று முடித்தான். புய்யாப்ளையிடம் பீரான் பேசுவான் என்று அவள் இருந்தாள். அக்காளே புருஷனிடம் சொல்லியிருப்பாள் என்று பீரான் இருந்தான். பிறகு ஊருக்கே தெரிந்த விஷயம் அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று இருவரும் இருந்துவிட்டார்கள்.

“நீ ஒரு வார்த்த சொல்லலியே, கதீசாபி. பக்கத்துலதானே படுத்திருந்த.”

“சாப்பிட உக்கார்ற மனுசன்கிட்ட வீட்டு வில்லங்கத்தப் பேசறது நம்ம வழக்கமா?” என்றாள் அவள். குற்றம் செய்தவள் குரலாக இல்லை அது. “உங்க அறையத் தொடவே விடல நான். முன்னாலேர்ந்துதான் இடிப்போம்னு காண்ட்ராக்டர் ஒத்தக்கால்ல நின்னான். புய்யாப்ள படுக்கற எடம், கடைசியாத்தான் தொடணும்னு சண்ட போட்டேன். போன வாரம் மழையில கறி ஆறிப்போச்சுன்னு சொன்னீங்களே, அன்னிக்குக் குடை பிடிக்க ஆளில்ல.”

அவருக்கு முகம் எரிந்தது. அன்று கறி ஆறியிருந்ததற்குத் தட்டைத் தள்ளி வைத்தவர் அவர். கோபம் வந்த வேகத்திலேயே எங்கோ இறங்கிப் போனது. பயம் மட்டும் அப்படியே நின்றது.

“முன்பக்கத்த எப்ப இடிப்பாங்க?”

“வர்ற திங்கக்கெழம.”

“நீ எங்க போவே?”

கடற்கரைச் சாலையில் சின்னதாக ஒரு ஃபிளாட், மூன்றாவது மாடி என்றாள். தன் பங்கையும் விதவை அக்காளின் பங்கையும் சேர்த்து எடுத்தது. அக்காளும் அக்காள் மருமகளும் தானுமாக இருந்துகொள்வார்கள். இரண்டே அறை, அந்நிய ஆண் வந்து தங்க வசதிப்படாது. ஆனால் சாயங்காலம் அவர் வரலாம், சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இருக்காது, நெய்ச்சோறு வேண்டுமானால் நெய்ச்சோறு. எல்லாவற்றையும் யோசித்து வைத்தவளின் நிதானத்தோடு சொன்னாள்.

“நான் எங்க படுப்பேன்?”

கதீசாபி அவரை வியப்போடு பார்த்தாள்.

“உங்களுக்கென்ன? உம்மா வீடு இருக்கே.”

லாரிக்காரன் எதற்கோ ஹாரன் அடித்தான். இம்பிச்சிக்கோயா கதவுச் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். சாமூதிரி, சீனாக்காரன், போர்த்துகீசியன் என்று எல்லாவற்றுக்கும் ஓடி வருகிற வார்த்தை இப்போது ஒன்றுகூட வரவில்லை. இன்னொரு பொய் சொல்லலாமா என்றும் ஒரு கணம் பார்த்தார். சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை இரவு எங்கே போவது?

“இல்ல,” என்றார். “அங்க எனக்கு எடமில்ல. அக்கா மக ரசியா கல்யாணத்தோட என் அறைய அவ புய்யாப்ளைக்குக் கொடுத்துட்டாங்க. ஏழெட்டு வருசமாச்சு. நான் அந்த வீட்டுப் படி ஏறறதே பெருநாளைக்குத்தான்.”

கதீசாபிக்கு விளங்கவில்லை. அவர் திரும்பவும் சொன்னார். இந்தத் தடவை விளங்கியது. தட்டு சாய்ந்து சாயா உன்னக்காயில் கொட்டியது.

“ராத்திரி ராத்திரி கேப்பேனே, மத்தியானம் உம்மா வீட்ல என்ன கறின்னு. அயக்கூற மீனு, ஆவோலின்னு தெனம் ஒண்ணு சொல்வீங்களே.”

“அதெல்லாம் சும்மா.”

“அப்ப எங்க சாப்டீங்க?”

“வலியங்காடியில. மூட்ட தூக்கறவங்க சாப்பிடற கடையில.”

கதீசாபி தட்டை உடைந்த ஓடுகளின் மேல் வைத்தாள். பலகையிலேயே உட்கார்ந்தாள். சந்தில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. தட்டம் தோளுக்கு நழுவியதை இழுத்துவிடவும் இல்லை.

“வீட்ட விக்க ஆரம்பத்துல யாருமே சம்மதிக்கல,” என்றாள், அவரைப் பார்க்காமல். “எங்க புய்யாப்ளமாரு எங்க போவாங்கன்னு சொல்லி, பொம்பளைங்க அத்தன பேரும் முடியாதுன்னுட்டாங்க. பீரான் கையெழுத்துக்கு அலஞ்சு அலஞ்சு விட்டுட்டான். நான்தான் மொதல்ல போட்டேன். எங்க ஆளப் பாருங்க, அவருக்கு உம்மா வீடு கல்லுமாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லி, மத்தவங்களையும் நான்தான் போட வச்சேன்.”